மூன்றாம் ஆண்டுப் பசுமை அறிக்கை

மார்ச் மாதத்து முதல் திங்கட்கிழமை. இரண்டாவது வகுப்பை முடித்துவிட்டு ரெஹானா கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள். வலது முழங்கால் ஒரு மாதமாகவே சொன்ன பேச்சு கேட்பதில்லை. பாதிப் படியில் வாட்ச்மேன் எதிரே ஏறி வந்தார்.

"டீச்சர், கேட்டுல ஒரு ஆளு சத்தம் போட்டுக்கிட்டு நிக்கிறாரு. இங்கன குப்பைக்கு யாரு பொறுப்பு, கூப்பிடுன்னு சொல்றாரு."

குப்பைக்கு ரெஹானாதான் பொறுப்பு.

சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவே, வாழைத் தோட்டங்களை ஒட்டி இருக்கும் அந்தக் கல்லூரியில் அவள் தாவரவியல் ஆசிரியையாகச் சேர்ந்து இருபத்தொரு வருடம் ஆகிறது. மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு ஆசிரியர் கூட்டத்தில், பசுமை வளாகக் குழுவுக்கு யார் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறீர்கள் என்று முதல்வர் கேட்டார். எல்லோரும் குனிந்து செல்போனைப் பார்த்தார்கள். "மரம் செடின்னா பாட்டனிதானே சார்" என்று யாரோ சொன்னார்கள். அப்படித்தான் அது அவள் தலையில் விழுந்தது. குழுவில் எட்டுப் பேர் என்று சுற்றறிக்கை சொன்னது. கூட்டங்களுக்கு வந்தது அவள் ஒருத்திதான்.

வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தாள். ஆனால் எதையும் அரைகுறையாகச் செய்ய அவளுக்கு வராது. நாற்பது இடங்களில் பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் ஜோடியாக வைத்தாள். மட்கும் குப்பை பச்சையில், மட்காதது நீலத்தில் என்று வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்னாள். கேன்டீனில் பேப்பர் கப்பை நிறுத்தி எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்தாள். ஒரே மாதத்தில் பாதி டம்ளர் காணாமல் போயின, மறுபடி வாங்கச் சொல்லிப் போராடினாள். முந்நூறு கன்று நட்டதில் நூற்றுப் பத்து பிழைத்தது. தாவரவியல் தோட்டத்தின் ஓரத்தில் மட்கு உரக்குழி வெட்டச் சொல்லி, வெள்ளிக்கிழமைதோறும் போய் அதைக் கிளறிப் பார்த்தாள். ஆண்டு முடிவில் பசுமை அறிக்கை எழுதினாள். 'வளாகத்தில் உருவாகும் குப்பை முழுவதும் தரம் பிரிக்கப்பட்டு முறையாகக் கையாளப்படுகிறது' என்பது அவளே யோசித்து எழுதிய வரி. இரண்டு வருட அறிக்கைகளிலும் அந்த வரிக்குக் கீழே அவள் கையெழுத்து இருந்தது.

கேட்டில் நின்றவருக்கு ஐம்பது வயதிருக்கும். பெயர் ஈஸ்வரபாண்டி என்றும், கல்லூரியின் பின்சுவரை ஒட்டிய வாழைத் தோட்டம் தன்னுடையது என்றும் சொன்னார். காலடியில் ஒரு யூரியா சாக்கு கிடந்தது. ரெஹானா வந்ததும் அதன் அடியைப் பிடித்துத் தூக்கி, உள்ளே இருந்ததைத் தார்ரோட்டில் கவிழ்த்தார். கறுத்துப் பச்சை பாரித்த ஒரு பெரிய உருண்டை விழுந்தது. வாடை முகத்தில் அடித்தது. பாலித்தீன் கவர்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கயிறு போலத் திரண்டிருந்தன. ஒரு கவரின் ஓரத்தில் கல்லூரிக் கேன்டீனின் பெயர் இன்னும் அழியவில்லை.

"எங்க மாட்டு வயித்துலருந்து எடுத்தது," என்றார். "ஏழு மாசச் சினை. நாலு நாளா எர எடுக்கல. வயிறு உப்பிப்போய் நேத்துக் காலையில போயிருச்சு. மாட்டு டாக்டர் அறுத்துப் பாத்துட்டு இதை எடுத்துக் குடுத்தாக. இன்னும் ஒரு சாக்கு அங்கன கிடக்கு."

ரெஹானா குனிந்து பார்த்தாள். "எங்க குப்பை வெளிய போறதில்லையேண்ணே" என்று சொன்னாள். சொல்லும்போதே அந்தக் கேன்டீன் பெயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளிய போகலையா? வாங்கம்மா. நடந்து வாங்க. காட்டுறேன்."

ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் மதில் சுவரில் ஒரு இரும்புக் கதவு உண்டு. பல வருடமாகப் பூட்டியே கிடக்கிறது என்றுதான் ரெஹானா நினைத்திருந்தாள். அன்று அது திறந்திருந்தது. அந்தப் பக்கம் வறண்ட ஓடை. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடி முல்லையாற்றில் சேரும். சுவரிலிருந்து ஓடையின் நடுப்பகுதி வரை குப்பை மேடு இறங்கியிருந்தது. மூன்று நான்கு இடங்களில் புகைந்துகொண்டிருந்தது. மேற்கிலிருந்து வீசிய காற்று புகையை அப்படியே வாழைத் தோட்டத்துக்குள் தள்ளியது.

மேட்டின் விளிம்பில் பாண்டியம்மாள் நின்றிருந்தாள். மார்க்கையன்கோட்டையிலிருந்து வரும் துப்புரவுப் பணியாளர். பதினோரு வருடமாக ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவள். ஒரு பச்சைத் தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியில் தட்டிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே கவிழ்த்த நீலத் தொட்டி பக்கத்தில் கிடந்தது.

"பாண்டியம்மாக்கா, ரெண்டையும் ஒண்ணாவா கொட்டுறீங்க?"

பாண்டியம்மாள் திரும்பினாள். பதறவில்லை. தொட்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஆமா டீச்சர்."

"எப்ப இருந்து?"

"நீங்க தொட்டி வச்ச நாள்லருந்து. அதுக்கு முன்ன ஒரே தொட்டியில கொண்டாந்து கொட்டுவோம். இப்ப ரெண்டு நடை."

"அந்த உரக்குழி?"

"எல, செத்தைய மட்டும் அங்கன போடுவோம். வெள்ளிக்கிழமை நீங்க வந்து பாப்பீகன்னு வியாழக்கிழமை கொஞ்சம் கூடப் போடுவோம்."

ஈஸ்வரபாண்டி சுவரில் சாய்ந்துகொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டில் போட்ட சத்தம் அவரிடம் இப்போது இல்லை.

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"என்னத்தச் சொல்றது? நீங்க பிள்ளைகளை நிப்பாட்டி வச்சு, தொட்டியத் தொட்டுத் தொட்டுக் காட்டி, இது மக்கும் அது மக்காதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தீக. அந்த மொகத்தப் பாத்துட்டு எப்பிடிச் சொல்ல வரும்? அப்பிடியே சொன்னாலும் வண்டி வந்துருமா? கொட்டித் தீய வையின்னு சூப்பர்வைசர் சொன்னாக. வைக்கிறேன். இந்தப் புகைய நானுந்தான் குடிக்கிறேன் டீச்சர்."

ரெஹானா திரும்பி நடந்தாள். அந்த முந்நூறு அடி தூரம் அவளுக்கு நீண்டுகொண்டே போனது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு ஜோடித் தொட்டி நின்றது. பயாலஜி பிளாக் வாசலில் ஒரு பெண் சாக்லேட் தாளை வைத்துக்கொண்டு எதில் போடுவது என்று தொட்டிகளைப் படித்துப் பார்த்து, சரியாக நீலத்தில் போட்டுவிட்டு அவளுக்கு வணக்கம் சொன்னாள்.

முதல்வர் வைகுண்டராஜ் இயற்பியல்காரர். ஓய்வுக்கு இன்னும் இருபது மாதம் இருந்தது. சர்க்கரை நோயாளி. மேசைமேல் மாத்திரை டப்பாவும், தரச்சான்று ஆய்வுக் குழுவுக்கான ஏழு பெரிய கோப்புகளும் இருந்தன. ரெஹானா சொல்லி முடிக்கும் வரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு பெல்லை அடித்து அவளுக்கு ஒரு டீ சொன்னார்.

"எனக்குத் தெரியாதுன்னு பொய் சொல்ல மாட்டேன் மேடம். தெரியும். மூணு வருஷமா அந்தப் பக்கம் போகாம இருக்கேன், அவ்வளவுதான்."

"பிளாஸ்டிக்கை எடுக்கிற வண்டிக்கு நான் ரெண்டு தடவை லெட்டர் வச்சேன் சார். ஏற்பாடாயிருச்சுன்னுதான் நெனச்சேன்."

"மேனேஜ்மென்ட்ல நிக்குது. அது அப்படித்தான் நிக்கும்." அவர் கண்ணாடியைக் கழற்றி மூக்கின் மேல்புறத்தை அழுத்திக்கொண்டார். "பதினெட்டாம் தேதி டீம் வருது. இப்ப என்ன செய்ய முடியும்? ஜேசிபி வச்சு மேல மண்ணைத் தள்ளிடலாம். நீங்க நாலு கன்னு வையுங்க. மூணாவது வருஷ ரிப்போர்ட்டை வழக்கம்போல எழுதிக் குடுங்க. டீம் போகட்டும், அப்புறம் நிதானமா பாப்போம்."

அவர் மிரட்டவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. சண்டை பிடிக்கிற மாதிரி ஒரு ஆள் எதிரில் இருந்தால் கோபமாவது வந்திருக்கும். அவளைப் போலவே களைத்துப்போன ஒருவர் உட்கார்ந்து, டீ ஆறிடும் குடிங்க மேடம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பேருந்தில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் உத்தமபாளையம் கடைவீதியில் இருக்கும் கணவர் அல்தாபின் கடைக்குப் போனாள். பெயின்ட், ஹார்ட்வேர் கடை. அவர் ஒரு வாடிக்கையாளருக்கு நிறம் கலந்துகொண்டே கதை முழுவதையும் கேட்டார்.

"கையெழுத்துப் போடுறதுன்னா போடு. போடலைன்னா போடாத. எதுவா இருந்தாலும் மொதல்ல ஏதாவது சாப்பிடு. மத்தியானம் டிபன் பாக்ஸைத் தொறக்கவே இல்லைல்ல?"

திறக்கவில்லைதான். கடையின் ஸ்டூலில் உட்கார்ந்து ஆறிப்போன நெய்ச்சோற்றைச் சாப்பிட்டாள். பாதியில், "ரெண்டு வருஷம் பொய் எழுதிருக்கேங்க, அது பொய்யின்னு தெரியாமலே" என்றாள்.

"தெரியாம எழுதினது பொய் இல்ல ரெஹானா."

"போய்ப் பாத்திருக்கணும்ல. ஒரு கதவு. அதைத் தள்ளிப் பாத்திருக்கணும்."

அல்தாப் மூடியைத் திருகி டப்பாவைக் குலுக்கினார்.

புதன்கிழமை அவள் வழக்கமான முப்பது பக்க அறிக்கைக்குப் பதிலாக ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். குப்பை தரம் பிரிக்கப்படவில்லை. ஒப்பந்தப் பணியாளர்களால் பின்பக்க ஓடையில் கொட்டி எரிக்கப்படுகிறது. இதனால் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பசு இறந்தது. உடனடியாகச் செய்ய வேண்டியவை என்று ஐந்து வரி. யார் பெயரும் எழுதவில்லை. எழுதி முடித்ததும் மனசு கொஞ்சம் லேசானது போல இருந்தது. அன்று நன்றாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை பாண்டியம்மாள் வரவில்லை. அவள் கூட்டும் நடைபாதையை வேறொரு பெண் கூட்டிக்கொண்டிருந்தாள். துப்புரவு சூப்பர்வைசர் கார்த்திக்ராஜை ரெஹானா வராந்தாவில் நிறுத்திக் கேட்டாள்.

"அந்தம்மாவை நிப்பாட்டியாச்சு மேடம்."

"எதுக்கு?"

"நீங்கதான மேடம் எழுதிக் குடுத்தீங்க, குப்பையைச் சரியாப் பிரிக்காம கொட்டுறாங்கன்னு. மேல இருந்து கேட்டாங்க. கான்ட்ராக்டர் ஆளை எடுத்துட்டாரு."

"நான் யார் பேரையும் எழுதலையே."

"பணியாளர்கள்னு எழுதிருக்கீங்கல்ல? பின்பக்க டூட்டி அவுக ஒருத்தர்தான்."

"கொட்டச் சொன்னது நீங்க."

கார்த்திக்ராஜ் தரையைப் பார்த்தான். "எனக்கும் மேல ஆள் இருக்கு மேடம்," என்றான்.

மதியம் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவள் மார்க்கையன்கோட்டைக்குப் பேருந்து ஏறினாள். இரண்டு தெருவில் கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தாள். பாண்டியம்மாள் வாசலில் உட்கார்ந்து பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். ரெஹானாவைப் பார்த்ததும் கையைக் கழுவிவிட்டு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து போட்டாள். மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வெயில்ல எதுக்கு டீச்சர் வந்தீக?"

"இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாதுக்கா."

"தெரியாதுதான். நீங்க நல்லதுக்குத்தான் எழுதிருப்பீக." அவள் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு சட்டியை மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். "ஆனா எழுதுறதுக்கு முன்ன எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா சொல்லிருப்பேன். இது சுத்திச் சுத்தி என் மேலதான் வந்து விடியும்னு."

ரெஹானா மோரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"நாத்து நடுறதுக்கு, களை எடுக்கிறதுக்கு இனி எனக்குக் குனிய முடியாது டீச்சர். இடுப்பு போச்சு. காலேஜ் வேலைன்னா நின்னுக்கிட்டே செய்யலாம். நெழல் இருக்கு. உங்க பிள்ளைக ரெண்டு மூணு பேரு பேரு சொல்லிக் கூப்பிட்டு, சாப்பிட்டீங்களாக்கான்னு கேக்குதுக. பதினோரு வருசம் பழகிருச்சு." சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "நீங்க எழுதினதுல அந்த ஓடை சுத்தமாகுமா?"

"ஆகாதுக்கா."

"பெறகு எதுக்கு எழுதினீக?"

அவள் குத்திக் காட்டிக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ரெஹானா மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். தன் மனசு லேசாகத்தான் எழுதினேன் என்று அந்த வாசலில் உட்கார்ந்து எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை முதல்வர் அறையில் பேச்சு நீளவில்லை. பாண்டியம்மாளைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றாள். கான்ட்ராக்டரிடம் நானே பேசுகிறேன் என்றார் அவர். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எனக்கும் மூணாவது வருஷ ரிப்போர்ட் வேணும் மேடம். வேற யாரையாவது போடச் சொல்லலாம். ஆனா ரெண்டு வருஷம் போட்ட கையெழுத்து மூணாவது வருஷம் மாறினா டீம் ஏன்னு கேப்பாங்க" என்றார்.

"போடுறேன் சார். எனக்கு ரெண்டு வேணும். அந்த இரும்புக் கதவோட சாவி. அப்புறம், ஹாஸ்டல் மெஸ்ஸுல மிஞ்சுற சோறு, காய்கறிக் கழிவு எதுவும் இனிமே அந்தச் சுவருக்கு அங்கிட்டுப் போகக் கூடாது."

"யாரு எடுப்பா அதை?"

"ஆள் இருக்கு," என்றாள். ஈஸ்வரபாண்டியிடம் அவள் அதுவரை பேசவே இல்லை.

முதல்வர் மேசை இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்து வைத்தார். கதவைப் பூட்டாமலே விட்டிருந்ததால் அது இத்தனை நாளும் அங்கேதான் இருந்திருக்கிறது. அறிக்கையைப் போன வருடத்திலிருந்து அப்படியே எடுத்துத் தேதி மட்டும் மாற்றியிருந்தார்கள். ரெஹானா தன்னுடைய பழைய வரியைத் தேடிப் பிடித்து, 'முழுவதும்' என்பதை அடித்து 'பெரும்பகுதி' என்று மாற்றினாள். அவர் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். மாற்றியதும் உண்மை இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜேசிபி வந்து ஓடைக் கரையிலிருந்தே செம்மண்ணை வழித்து மேட்டின் மேல் தள்ளியது. திங்கள்கிழமை அதன்மேல் பதினாறு புங்கங்கன்று நட்டார்கள். மாணவர்கள் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ரெஹானா அதில் நிற்கவில்லை. அந்த நேரத்தில் அவள் ஈஸ்வரபாண்டியின் தோட்டத்தில் நின்றிருந்தாள்.

அவர் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. "என் மாட்டைக் கொன்னுட்டு, உங்க குப்பையையும் நானே சுமக்கணுமா?" என்றார். நியாயமான கேள்வி. அவள் வாதாடவில்லை. தினமும் நாலு பெரிய டிரம் சோறும் காய்த்தோலும் வரும், வாழைக்கு நடுவே குழி வெட்டிப் போட்டால் உரம், மாட்டுக்குப் போட வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். அவர் ஒரு வாழைக் கன்றின் தூரில் காலால் மண்ணை அணைத்தார்.

"ஒரு கவர் வந்துச்சுன்னாலும் அன்னைக்கோட முடிஞ்சுது. சரியா?"

"சரிண்ணே."

"யாரு பாத்து அனுப்புவா?"

"நானே நிக்கிறேன்."

அப்படித்தான் செவ்வாய்க்கிழமை மதியம் முதல் ரெஹானா விடுதி மெஸ்ஸில் தட்டு கழுவும் இடத்தில் நிற்க ஆரம்பித்தாள். முந்நூற்று நாற்பது பேர் சாப்பிடும் இடம். பன்னிரண்டே முக்காலிலிருந்து இரண்டு மணி வரை. தட்டில் மிஞ்சியதை டிரம்மில் கொட்டிவிட்டுப் போகும் ஒவ்வொருவரிடமும் "கவர் இருக்கா பாரு, தயிர்ப் பாக்கெட் இருக்கா பாரு" என்று சொன்னாள். முதல் நாள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அவளே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரம்முக்குள் கையை விட்டு ஊறுகாய்ப் பொட்டலம், பால் கவர், ஸ்ட்ரா என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அவளிடம் படிக்கும் பிள்ளைகள் சிலர் கூசிப்போய் நின்றார்கள். "மேடம், நீங்க ஏன் மேடம்?" என்றார்கள். பின்னால் சிலர் சிரித்தார்கள். சாம்பார் வாடை முழங்கைவரை ஏறியது. அடுத்த வகுப்பில் பாடம் நடத்தும்போது அந்த வாடை கூடவே வந்தது.

பாண்டியம்மாள் புதன்கிழமை வேலைக்குத் திரும்பினாள். யாரும் சொல்லாமலே அடுத்த டிரம்முக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மூன்று நாள் ரெஹானாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்காவது நாள், "கைய இப்பிடி நேரா விடாதீக. மீன் முள்ளு ஏறும். பக்கவாட்டுல விட்டுத் தொழாவுங்க" என்றாள்.

பதினெட்டாம் தேதி ஆய்வுக் குழு வந்தது. மூன்று பேர். இரண்டு பேர் கணினி ஆய்வகத்திலேயே நேரத்தைக் கழித்துவிட்டார்கள். வெளிமாநிலத்திலிருந்து வந்த வயதான பேராசிரியை ஒருவர் மட்டும் பசுமைப் பகுதியைப் பார்க்க வேண்டும் என்றார். ரெஹானா இரும்புக் கதவைத் திறந்து அவரைக் கூட்டிப்போனாள். முதல்வரும் கார்த்திக்ராஜும் பின்னால் வந்தார்கள். பாண்டியம்மாள் புதுச் சீருடையில், விளக்குமாற்றோடு ஓரமாக நின்றாள்.

மேட்டின் மேல் கால் வைத்ததும் செருப்பைத் தாண்டிச் சூடு தெரிந்தது. அடியில் தீ இன்னும் அணையவில்லை. பதினாறு கன்றில் ஆறேழு கன்றின் இலைகள் ஓரம் கருகித் தொங்கின. பேராசிரியை குனிந்து ஒரு கன்றின் தூரில் உள்ளங்கையை வைத்தார். எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"பிளாஸ்டிக் எல்லாம் எங்கே போகிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ரெஹானா பாண்டியம்மாளைப் பார்த்தாள். பாண்டியம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்த முகமாக இருந்தது.

"மறுசுழற்சிக்கு அனுப்புகிறோம்," என்றாள் ரெஹானா.

அந்த அம்மாள் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். திரும்பி நடக்கும்போது ரெஹானாவுக்கு மட்டும் கேட்கும்படி, "இந்தப் பொறுப்பில் எத்தனை வருடமாக இருக்கிறீர்கள்?" என்றார்.

"மூன்று வருடம்."

"நான் எங்கள் கல்லூரியில் இதே பொறுப்பில் ஆறு வருடம் இருந்தேன்," என்றார் அவர். கதவருகே ரெஹானா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மட்டும் அவரும் கூட நின்று, அவள் நடக்கத் தொடங்கிய பிறகு நடந்தார்.

ஏப்ரல் முதல் வாரம் முடிவு வந்தது. கல்லூரியின் தரம் ஒரு படி ஏறியிருந்தது. கேட்டில் பெரிய ஃபிளெக்ஸ் கட்டினார்கள். ஆசிரியர் அறையில் லட்டு கொடுத்தார்கள். ரெஹானா தனக்கு வந்த லட்டைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். அன்று மதியமும் மெஸ்ஸுக்குப் போனாள். அன்று டிரம்மில் இரண்டே இரண்டு கவர்தான் இருந்தது.

ஏப்ரல் கடைசியில் மேற்கு மலையில் கோடை மழை பிடித்து இரண்டு நாள் விடாமல் பெய்தது. ஓடையில் தண்ணீர் வந்தது. தள்ளி வைத்த மண்ணில் பாதியைக் கன்றுகளோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. கருகிய கவர்களும் பாட்டில்களும் அரை மைல் தூரத்துக்கு இரு கரையிலும், முட்செடிகளிலும் தொங்கின. கீழே இருக்கும் தோட்டக்காரர்கள் பத்துப் பேர் வந்து அலுவலக வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். அதில் ஈஸ்வரபாண்டி இல்லை. "மெஸ்ஸு டிரம்மு எடுக்க நேரமாச்சு" என்று சொல்லி வர மறுத்துவிட்டாராம். நிர்வாகம் அவசரமாக டிராக்டர் பிடித்து மூன்று நாள் அள்ளி நகராட்சிக் குப்பைக் கிடங்குக்கு அனுப்பியது. எதற்காக அள்ளுகிறோம் என்று எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை. அதற்குப் பிறகு நீலத் தொட்டிக் குப்பைக்கு மாதம் ஒரு தடவை வண்டி வரும் என்று ஏற்பாடானது. மே மாதம் வந்தது. ஜூன் மாதம் வரவில்லை. மூட்டைகள் ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் அடுக்கிக் கிடந்தன. ஆனால் யாரும் எரிக்கவில்லை. சாவி ரெஹானாவிடம் இருந்தது.

ஜூனில் புதுச் சுற்றறிக்கை வந்தபோது, இந்த வருடம் தன்னை விட்டுவிடச் சொல்லி முதல்வரிடம் எழுதிக் கொடுத்தாள். பார்க்கலாம் மேடம் என்றார். இரண்டு நாளில் பட்டியல் அறிவிப்புப் பலகைக்கு வந்தது. ஒருங்கிணைப்பாளர்: ரெஹானா, தாவரவியல் துறை. அதன் கீழே ஏழு பெயர்கள். அவள் நின்று படித்தாள். கோபம் வருகிறதா என்று காத்துப் பார்த்தாள். வரவில்லை. மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது. மெஸ்ஸுக்கு நடந்தாள்.

விடுதிக்குப் புதிதாக நூற்று இருபது பிள்ளைகள் வந்திருந்தார்கள். போடி, கம்பம், ஆண்டிபட்டி, மலைக்கு மேலே எஸ்டேட்டுகள் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. முதல் பந்தி எழுந்து வந்த பத்தாவது நிமிடம் டிரம் முழுக்கக் கவராக மிதந்தது. மார்ச் மாதத்தில் இருந்த இடத்துக்கே எல்லாம் திரும்பிப் போயிருந்தது. ரெஹானா புடவையைச் செருகிக்கொண்டு குனிந்தாள். முழங்கால் பிடித்துக்கொண்டது. டிரம்மின் விளிம்பைப் பற்றியபடி அப்படியே நின்றாள்.

பாண்டியம்மாள் உள்ளே போய்ச் சமையல்காரரின் ஸ்டூலைத் தூக்கிவந்து அவளுக்குப் பின்னால் போட்டாள்.

"உக்காருங்க டீச்சர்."

"இருக்கட்டும்க்கா. இன்னும் எரநூறு பேர் சாப்பிட்டு வரணும்."

"வரட்டும். மொதல்ல உக்காருங்க."

உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் எவ்வளவு வலிக்கிறது என்று தெரிந்தது. மலையாளம் கலந்த தமிழில் பேசிக்கொண்டே இரண்டு பெண்கள் தட்டோடு வந்தார்கள். ஒருத்தியின் தட்டில் சோற்றோடு ஒரு தயிர்ப் பாக்கெட் கசங்கிக் கிடந்தது. எங்கே கொட்டுவது என்று தெரியாமல் இருவரும் ரெஹானாவைப் பார்த்தார்கள். அவள் விளக்கம் சொல்ல வாயெடுத்தாள். பாண்டியம்மாள் கையை நீட்டித் தடுத்தாள்.

"நீங்க சும்மா இருங்க டீச்சர். இன்னைக்கு நான் சொல்றேன்," என்றவள் அந்தப் பெண்களின் பக்கம் திரும்பினாள். "ஏத்தா, இங்கன வாங்க ரெண்டு பேரும். இந்த டிரம்மு எங்க போகுது தெரியுமா?"